முளை, கதிர், நிறைந்த தானியம்: ஜோன் நியூட்டனின் நாற்பது ஆண்டுகள்



'அமேசிங் கிரேஸ்' பாடலை அறியாதவர் நம்மில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்கள். நாம் அடக்க ஆராதனைகளில் பாடுகிறோம். அதை எழுதிய ஜோன் நியூட்டனின் கதையையும் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அடிமைக் கப்பலின் தலைவர் ஒருவர் புயலில் அகப்பட்டார், ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார், கரை சேர்ந்ததும் அந்தத் தொழிலை விட்டுவிட்டார், பிறகு பாடலை எழுதினார் என்று சொல்வார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்த வரிசை வேறு. புயல் வந்தது 1748இல். அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானது அதற்குப் பிறகு, 1750இல். பாடல் 1773 புத்தாண்டு நாள் ஆராதனையோடு சேர்ந்தது. அடிமை வியாபாரம் பாவம் என்று அவர் அச்சில் அறிக்கையிட்டது 1788இல். புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன.

சபையின் ஆண்டு நிறைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதும்படி கேட்டபோது இந்த நாற்பது ஆண்டுகளையே எடுத்துக்கொண்டேன். இரட்சிக்கப்பட்ட ஒருவர் ஏன் இவ்வளவு மெதுவாக மாறினார்? கர்த்தருடைய கிருபை அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தது? நம்முடைய நடைக்கும் இதில் பாடம் உண்டு.

புயலும் அதற்கு முன்பும்

நியூட்டன் 1725இல் லண்டனில் பிறந்தார். தகப்பன் வணிகக் கப்பலின் தலைவர். தாய் எலிசபெத் பக்தியுள்ளவர். மகன் ஊழியனாக வேண்டும் என்று விரும்பி, சின்ன வயதிலேயே வேதவசனங்களையும் ஞானப்பாட்டுகளையும் மனப்பாடமாக்கிக் கொடுத்தார். ஆனால் மகனுக்கு ஏழு வயது நிறையும் முன்னே அந்தத் தாய் காசநோயால் இறந்துபோனார். பதினொரு வயதில் பையன் தகப்பனோடு கடலுக்குப் போனான்.

1744இல் அவரைக் கட்டாயமாகப் பிடித்துக் கடற்படையில் சேர்த்தார்கள். ஓடிப்போக முயன்று பிடிபட்டு, சவுக்கடி வாங்கினார். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போகும் அடிமைக் கப்பல் ஒன்றுக்கு மாறினார். இன்றைய சியரா லியோன் நாட்டின் கரையோரத் தீவு ஒன்றில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்கு நின்றார். அங்கே கடும் காய்ச்சலில் கிடந்தபோது அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. பசியால் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அந்த நாட்களில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவில் ஒரு பங்கை ஒருவரும் பார்க்காதபடி அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதை அவரே பின்பு எழுதி வைத்தார்.

பிள்ளைகளே, இந்தப் பகுதியை மறந்துவிடாதீர்கள். நியூட்டனுக்கு இரக்கம் காட்டிய முதல் ஆட்கள் சங்கிலியில் இருந்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தகப்பன் கேட்டுக்கொண்டதால் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அவரைத் தேடி ஏற்றிக்கொண்டது. 1748 மார்ச் மாதம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் புயல் அடித்து, கப்பலின் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே வந்தது. மேல்தளத்துக்கு ஏறப்போன நியூட்டனைக் கத்தி எடுத்துவரும்படி தலைவர் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே ஏறியவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கப்பலில் இருந்த சரக்கு தேன்மெழுகும் பாரமில்லாத மரமும் ஆனபடியால் அது உடனே மூழ்கவில்லை. விடிவதற்கு முன்பிருந்து நண்பகல்வரை நியூட்டன் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். தேவனைப் பரிகாசம் பண்ணிப் பழகிய அந்த வாயில், தன்னை அறியாமலே ஆண்டவருடைய இரக்கத்தைக் கேட்கும் ஒரு வார்த்தை வந்தது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்துக் கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. சாகும்வரை அந்த நாளை ஆண்டுதோறும் உபவாசத்தோடும் ஜெபத்தோடும் நினைத்துக்கொண்டார்.

ஒரு பாவம் போயிற்று, இன்னொன்று தெரியவில்லை

கரை சேர்ந்தவரிடம் உடனே தெரிந்த மாற்றம் ஒன்று உண்டு. மாலுமிகளே முகம் சுளிக்கும்படி தூஷணம் பேசியவர் அந்தப் பேச்சை அடியோடு விட்டுவிட்டார். அது மெய்யான கிருபை. அதை நாம் சிறிதாக எண்ணக்கூடாது.

ஆனால் 1750க்கும் 1754க்கும் நடுவே அவர் மூன்று முறை அடிமைக் கப்பலின் தலைவராக ஆப்பிரிக்காவுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். தன் அறையில் வேதம் வாசித்தார். மனைவி மேரிக்கு அன்பான கடிதங்கள் எழுதினார். அந்த அறைக்குக் கீழே மனிதர்கள் இரண்டிரண்டு பேராக விலங்கிடப்பட்டு, புரண்டு படுக்கவும் இடமில்லாமல் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்களின் விரல்களை இரும்புக் கருவியால் நெரித்ததையும் தன் கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

வாயின் பாவம் ஒரே நாளில் விலகியது. கையின் பாவம் கண்ணுக்கே தெரியவில்லை. தான் ஒரு சிறைக்காவலனைப் போல இருக்கிறேன் என்ற சங்கடம் அவருக்கு இருந்தது. இதைவிட மனிதத்தன்மையுள்ள தொழில் கிடைக்கவேண்டும் என்று ஜெபித்தும் இருக்கிறார். ஆனால் அந்த வியாபாரம் தவறு என்ற எண்ணம் அப்போது வரவில்லை. சட்டம் அனுமதித்தது, ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் அதில் பணம் போட்டார்கள், சபைகளும் பேசாமல் இருந்தன.

அவர் கடலை விட்டதுகூட மனச்சாட்சியினால் அல்ல. 1754 நவம்பரில், நான்காம் பயணத்துக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது, மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் திடீரென வலிப்புப் போன்ற ஒன்று வந்து சாய்ந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் உணர்வில்லாமல் கிடந்தார். வைத்தியர்கள் பயணம் வேண்டாம் என்றார்கள். கர்த்தர் அவருடைய கண்ணைத் திறப்பதற்கு முன்னே அவருடைய கையைத் தடுத்துவிட்டார் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

காயம் ஆறும் முறை

தாதியர் பயிற்சியை இந்த நாட்டில் பெற்றபோது எனக்குக் கற்றுத்தந்தவற்றில் ஒன்று இது: ஆழமான காயத்தை எப்போதும் உடனே தைத்து மூடக்கூடாது. உள்ளே அழுக்கோ சீழோ இருந்தால் காயத்தைத் திறந்தபடியே விட்டு, கழுவி, மருந்துத்துணியை உள்ளே வைத்துக் கட்டுவோம். அடியிலிருந்து புதுச்சதை சின்னச் சின்னச் சிவப்பு மணிகளைப் போல எழும்பி மேலே வரவேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்களும் ஆகும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் பார்ப்பதற்கு ஆறினதுபோல இருக்கும். உள்ளே சீழ் கட்டி, காய்ச்சல் வந்து, மறுபடியும் திறக்கவேண்டி வரும்.

நம்மில் பலர் ஆவிக்குரிய வாழ்க்கையில் மேல்தோல் மூடுவதையே சுகம் என்று நினைத்துவிடுகிறோம். சாட்சி சொன்னோம், ஞானஸ்நானம் பெற்றோம், பழைய பழக்கம் ஒன்றை விட்டோம், எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறோம். இன்னொரு பக்கம், மனந்திரும்பி இருபது வருடமாகியும் அதே கோபம் வருகிறதே, அதே பொறாமை எழும்புகிறதே, எனக்குள் கிருபை இல்லையோ என்று இரவில் அழுகிறவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். காயம் இன்னும் திறந்திருப்பதால் வைத்தியர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமாகாது. தினமும் வந்து கட்டை அவிழ்த்துப் பார்க்கிற வைத்தியர் அவர்.

நியூட்டனும் இதை அறிந்திருந்தார். புயல் நாளில் தான் முழு விசுவாசியாகிவிட்டதாக அவர் சொல்லவில்லை; மெய்யான விசுவாசம் வர அதன்பின் வெகுகாலம் ஆனது என்று 1764இல் வெளியான தன் வரலாற்றில் எழுதினார்.

ஓல்னி ஊரின் போதகர்

கடலை விட்டபின் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தார். தானாகவே கிரேக்கும் எபிரேயமும் படித்தார். ஊழியத்துக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, கடைசியில் 1764இல் அபிஷேகம் பெற்று, ஓல்னி என்ற ஊருக்குப் போதகரானார். சரிகைப் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைகள் நிறைந்த ஊர் அது.

அங்கே வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர் கடும் மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டவர். 1773இல் நோய் முற்றியபோது நியூட்டன் அவரைத் தன் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். மனநோயாளியோடு ஒரே கூரையின்கீழ் ஒரு வருடம் இருப்பது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் கிடந்தவர்களின் முனகலுக்கு ஒருகாலத்தில் மரத்துப்போயிருந்த இருதயம் இப்போது இன்னொருவருடைய கண்ணீருக்குக் காவல் இருந்தது. புதுச்சதை எழும்பிக்கொண்டிருந்தது. இருவரும் எழுதிய 348 பாடல்கள் 1779இல் 'ஓல்னி பாடல்கள்' என்ற புத்தகமாக வந்தன, பெரும்பாலானவை நியூட்டனுடையவை. நாம் பாடும் 'அமேசிங் கிரேஸ்' அதில் ஒன்று. இன்றைய ராகம் அதற்குச் சேர்ந்தது 1835இல், அமெரிக்காவில்.

அதே ஓல்னி நாட்களில் கடிதங்கள் பல எழுதினார். அவை 1774இல் 'ஒமிக்ரோன்' என்ற புனைபெயரில் புத்தகமாயின. கொரோனா காலத்தில் நாம் பயந்த அதே கிரேக்க எழுத்தின் பெயர்தான். அவற்றில் மூன்று கடிதங்கள் கிருபையில் வளர்வதைப் பற்றியவை. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன விதை உவமையை எடுத்துக்கொண்டு, முளை, கதிர், நிறைந்த தானியம் என்று விசுவாசியின் வாழ்வை மூன்று நிலையாகப் பிரித்தார். முதல் நிலையில் ஆசையும் வைராக்கியமும் மிகுதி. இரண்டாம் நிலையில் போராட்டம்; தன் இருதயம் எவ்வளவு வஞ்சனையுள்ளது என்று விசுவாசி அப்போதுதான் அறிகிறான். மூன்றாம் நிலையில் தாழ்மை. தன்னைப் பார்ப்பது குறைந்து கிறிஸ்துவைப் பார்ப்பது கூடுகிறது, பிறருடைய பலவீனத்தின்மேல் இரக்கம் உண்டாகிறது. மூன்று நிலையிலும் இருப்பவன் தேவனுடைய பிள்ளைதான். முளையைப் பார்த்து ஏன் தானியம் இல்லை என்று விவசாயி அதைப் பிடுங்கி எறிவதில்லை.

மெதுவாக வளர்ந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள்?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் நமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் காயத்தின் உவமை இதற்குமேல் பொருந்தாது. நோயாளியின் காயம் ஆறத் தாமதமானால் வலி நோயாளிக்கு. நியூட்டனின் கண் திறக்கத் தாமதமானபோது வலி வேறு மனிதருக்கு. அந்த வியாபாரம் நடந்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் சில நூறு பேரைக் கொண்டுபோனவர் வேதம் வாசித்த நியூட்டன்.

அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிடலாமா? அவர் கடலை விட்ட அதே 1754இல், அமெரிக்காவில் ஜோன் வுல்மன் என்ற தையற்காரர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், அடிமைகளை வைத்திருப்பது தவறு என்று எழுதிய நூல் அச்சில் வந்தது. 1774இல் ஜோன் வெஸ்லி அடிமைத்தனத்துக்கு எதிராக எழுதினார். பார்க்க மனதிருந்தவர்கள் பார்த்தார்கள்.

நியூட்டன் 1780இல் லண்டனுக்கு வந்து, செயின்ட் மேரி வுல்நொத் ஆலயத்தின் போதகரானார். 1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்போர்ஸ் என்ற இளம் பாராளுமன்ற உறுப்பினர் தன் ஆத்தும விசாரத்தோடு அவரைத் தேடி வந்தார். பாராளுமன்றத்தை விட்டுப் போகவேண்டாம், அங்கேயே கர்த்தருக்கு ஊழியம் செய்யுங்கள் என்று நியூட்டன் ஆலோசனை கொடுத்தார். 1788இல் நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். தான் அதில் கைகலந்தவன் என்றும், இந்த அறிக்கை பிந்தி வருகிறது என்றும், நினைக்கும்போது இருதயம் நடுங்குகிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். கப்பலில் தான் கண்டவற்றை மறைக்காமல் எழுதினார். பாராளுமன்றக் குழுவின் முன்பாகவும் நின்று சாட்சி சொன்னார். தன் நல்ல பெயரைக் காப்பாற்ற விரும்பும் ஒரு போதகர் பேசாமல் இருந்திருக்கலாம். அறுபது வயது தாண்டிய அவர் தன் கட்டைத் தானே அவிழ்த்து, காயத்தை ஊருக்குக் காட்டினார். அடுத்த வருடம், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலவ்டா எக்வியானோ தன் வரலாற்றை வெளியிட்டார். விலங்கிட்டவருடைய சாட்சியும் விலங்கு சுமந்தவருடைய சாட்சியும் சேர்ந்தே இங்கிலாந்தின் மனச்சாட்சியைத் தட்டின.

1807 மார்ச் 25இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதே வருடம் டிசம்பர் 21இல், பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், 82 வயதில் நியூட்டன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சட்டம் வந்ததை உயிரோடிருந்து கேட்டார்.

நம்முடைய பக்கம்

நியூட்டனை ஆலோசனைக்காகத் தேடிச் சென்ற இளைஞரில் இன்னொருவர் தானியேல் வில்சன். அவர் 1832இல் கல்கத்தாவுக்குப் பேராயராக வந்தார். அப்போது தமிழ்நாட்டுச் சபைகளும் அவருடைய பொறுப்பில் இருந்தன. அந்தச் சபைகள் சிலவற்றில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் அந்த வேறுபாடு இருந்தது. 1833இல் பேராயர், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் விலகிப்போனார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் அக்காலத்துச் சாதித் தகராறில் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. நியூட்டனைப் போலவே, பாட்டு எழுதிய கையிலும் ஒரு காயம் மூடாமல் இருந்தது.

சபையாரே, அது 1833. கடல்கடந்து வந்து, இந்நாட்டில் நம்மை நிறத்தால் தாழ்த்திப் பேசினால் கொதிக்கிற நாம், பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும்போது, எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய ஆட்கள் என்று எதற்காகக் கேட்கிறோம்? ஞாயிறு ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, திங்கள் தொலைபேசியில் அதைக் கேட்கலாமா? நாம் மெதுவாக வளரும்போது அதற்கு விலை கொடுப்பது யார்? ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளையாக இருக்கலாம். அவள் வீட்டாரும் நமக்குச் சாப்பாடு பரிமாறியவர்களாக இருக்கலாம்.

ஆகையால் இரண்டு காரியங்களைச் சேர்த்தே பிடித்துக்கொள்ளுவோம். உங்களுக்குள் கிருபை மெதுவாக வேலை செய்கிறது என்று சோர்ந்துபோகாதீர்கள். நற்கிரியையைத் தொடங்கினவர் அதை முடிப்பார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது நமக்கும்தான். அதேவேளை, மெதுவாகத்தானே வளரும் என்று சொல்லி, கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பாவத்தை நாளைக்குத் தள்ளிவைக்காதீர்கள். கிருபை வளர நாட்கள் எடுக்கும். தெரிந்ததற்குக் கீழ்ப்படிய இன்றைய நாள் போதும். பெந்தெகொஸ்தே நாளைக் கண்ட பேதுருவையே, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகியபோது பவுல் முகமுகமாய்க் கண்டிக்கவேண்டியிருந்தது. நம்மைக் கண்டித்துச் சொல்ல ஒரு சகோதரனோ சகோதரியோ சபையில் இருப்பதும் கிருபைதான்.

பிள்ளைகளே, நியூட்டன் பிரசங்கித்த ஆலயம் லண்டன் பாங்க் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இன்றும் நிற்கிறது. பள்ளி விடுமுறையில் அம்மா அப்பாவோடு போய்ப் பாருங்கள். அங்கே அவருக்காக மட்டும் நன்றி சொல்லாதீர்கள். பசித்துக் கிடந்த அவருக்கு ஒளித்துச் சோறு கொடுத்த, பெயர் தெரியாத அந்த மனிதர்களையும் நினைத்து ஜெபம் பண்ணுங்கள்.

தொடங்கினவர் நம் சபையிலும் முடித்துவைப்பாராக. ஆமென்.